வெள்ளவத்தைத் தொடர்மாடியின் விளம்பரப் படத்திற்குச் செய்மதிப் படம்: எந்த உரிமம் வேண்டும்?

கேள்வி:
வணக்கம். வெள்ளவத்தைக் கடற்கரையோரம் எழவிருக்கும் தொடர்மாடி ஒன்றுக்கு முப்பரிமாணக் காட்சிப் படங்கள் செய்கிறேன். அவற்றுள் ஒன்று, கடலின் மேலிருந்து கரையை நோக்கும் வான்காட்சி. ரயில் பாதையும் காலி வீதியும் அதற்கப்பால் விரியும் கூரைகளும் அதில் தெரிய வேண்டும். மாதிரிக்காகக் கூகுள் ஏர்த் படம் ஒன்றைத் தரையாக விரித்திருந்தேன். அதைப் பார்த்த கட்டட உரிமையாளர் அப்படியே கைநூலிலும் வீதியோர விளம்பரப் பலகையிலும் அச்சிட விரும்புகிறார். மூலையிலுள்ள கூகுளின் பெயரை அழித்துவிடும்படியும் கேட்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பணம் செலுத்தி முறையான அனுமதி பெற வழி உண்டா?

மறுமொழி 1:
உங்கள் மனம் ஒப்பாதது சரியே. அந்தப் பெயரை அழிக்கக் கூடாது. ஆனால் அதை விட்டுவைத்தாலும் விளம்பரத்தில் அச்சிடும் உரிமை வந்துவிடாது. படங்களில் பெரும்பகுதி பிற நிறுவனங்களுடையவை என்பதால், கூகுளிடம் தனியே பணம் கட்டி அந்த உரிமையை வாங்கவும் முடியாது. அதன்மேல் கோடு வரைந்து கட்டடங்களைப் பிரதியெடுப்பதையும் விதிமுறைகள் தடுக்கின்றன. நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தில் நியாயமான பயன்பாடு என்று ஒன்று உண்டு. அது விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றை மனத்திற் கொண்டது. வீடு விற்கும் விளம்பரத்திற்கு அதை நம்பி இறங்காதீர்கள்.

மறுமொழி 2:
நில அளவைத் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் சொல்கிறேன்: கமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்து உங்கள் காட்சியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தொலைவில் மங்கித் தெரியும் பகுதிக்கு ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிப் படங்கள் போதும். அவை இலவசம், கோப்பர்னிகஸ் (அந்தச் செய்மதிகளை இயக்கும் ஐரோப்பியத் திட்டம்) தரவு என்ற குறிப்பையும் ஆண்டையும் இட்டால் வணிகத்திற்கும் பயன்படுத்தலாம். கொழும்பில் மேகம் பெருந்தொல்லை என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான படங்களில் தேடுங்கள். ஆனால் அதில் படத்தின் ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் 10 மீற்றர். ஒரு வீடே ஒன்றிரண்டு புள்ளிகளில் அடங்கிவிடும். ஆகவே அண்மைப் பகுதிக்கு உதவாது.

அண்மைக்கு, ஒரு புள்ளி தரையில் 30 சென்ரிமீற்றராக உள்ள வணிகச் செய்மதிப் படங்களை முகவர் மூலம் வாங்கலாம். ஏற்கெனவே எடுத்துவைத்த படத்திற்கும் குறைந்தபட்சமாக 25 சதுர கிலோமீற்றர் வாங்கச் சொல்வது வழக்கம். கொழும்பு மாநகரமே ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர்தான் என்பதால், ஒரு கட்டடத்திற்காக நகரத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பரப்பை வாங்கியதாகிவிடும். நாரஹேன்பிட்டியிலுள்ள நில அளவைத் திணைக்களத்தில் வான்வழிப் புகைப்படங்களை விசாரியுங்கள். விளம்பரத்தில் அச்சிடுவதற்கென்றே கேட்பதாகக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. அண்மைப் பகுதியை ட்ரோன் மூலம் நாங்களே படமெடுத்தால் உரிமைச் சிக்கல் தீருமா? செய்மதிப் படத்தையே வாங்க நேர்ந்தால் உரிமம் யாருடைய பெயரில் இருக்க வேண்டும்?

மறுமொழி 2:
தீரும், அதையே நான் விரும்புவேன். செய்மதிப் படம் பெரும்பாலும் கூரையைத்தான் காட்டும். கடற்பக்கமிருந்து பார்க்கும் உங்கள் காட்சிக்குச் சுவர்களும் வேண்டும். சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதியைப் பறக்கவிடும் நாளுக்கு நன்கு முன்னதாகவே பெற்றுவிடுங்கள். படமெடுப்பவர் வெளியாள் என்றால் உரிமையை எழுத்தில் மாற்றி வாங்குங்கள். சுற்றியுள்ள கட்டடங்களின் அடித்தள வடிவங்களை தன்னார்வலர்கள் உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து, அதன் பங்களிப்பாளர்களைக் குறிப்பிட்டு, எடுத்துக்கொள்ளலாம்.

உரிமத்தைப் பொறுத்தவரை, ஒரு நிறுவனத்திற்கென வாங்கிய மூலக் கோப்பை இன்னொரு நிறுவனத்திடம் கொடுப்பதைப் பல உரிமங்கள் அனுமதிப்பதில்லை. எனவே நீங்கள், கட்டட உரிமையாளர், அச்சகம் ஆகிய மூன்று தரப்பையும், கைநூல், பலகை, இணையம் ஆகிய மூன்று பயன்பாட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பணம் கட்டுமுன் முகவரிடம் எழுத்து மூலமான பதிலைப் பெறுங்கள். அது வரும்வரை அச்சகத்திற்குக் கோப்பை அனுப்ப வேண்டாம்.