சித்திரை வெயிலும் செடித் தொட்டிப் பாசியும்

திருநகரிலிருந்து:

பங்குனி முடிந்தாலே மதுரையில் செடித் தொட்டி, அதாவது தண்ணீருக்குள் செடி வளர்க்கும் மீன் தொட்டி, வைத்திருப்பவர்களுக்குப் பாசிப் பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். என்னுடையது மூன்றடித் தொட்டி. மார்கழியில் கண்ணாடி துடைக்கக்கூட வேலை இருக்காது. வெயில் ஏறி தண்ணீர் 31, 32 டிகிரியைத் தொட்டதும் அனுபியாஸ் செடியின் இலை ஓரமெல்லாம் நாலு நாள் மழிக்காத தாடி மாதிரி கறுப்பாக பிளாக் பியர்ட் பாசி முளைக்கும்.

எல்லாரும் லைட்டைத்தான் திட்டுகிறார்கள், எனக்குச் சந்தேகம் செடிக்காகத் தண்ணீரில் விடும் சிஓ2 (கரியமில வாயு) மேல். அதற்காகச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டில் வைத்திருப்பவர்கள் கவனித்திருப்பீர்கள், குளிர்காலத்தில் நிதானமாக வரும் குமிழி சித்திரையில் முதல் சில நாள் கொட்டித் தீர்த்துவிட்டு அப்புறம் படுத்துவிடும். சூட்டில் ஈஸ்ட் சர்க்கரையைச் சீக்கிரம் தின்று முடித்துவிடுகிறது. போதாததற்குச் சூடான தண்ணீரில் வாயு கரைவதே குறைவு. இப்படி ஏறி இறங்கும் சிஓ2தான் பிளாக் பியர்டுக்குக் கொண்டாட்டம். ஒரு பாட்டிலுக்குப் பதில் இரண்டு சின்ன பாட்டில் வைத்து, ஒன்று பாதிக்கு வரும்போது மற்றதைப் புதிதாகக் கலக்க ஆரம்பித்தேன், லைட்டையும் டைமர் போட்டு ஆறு மணி நேரத்தோடு நிறுத்தினேன். புதிதாக முளைப்பது நின்றது.

ஏற்கெனவே ஒட்டியிருப்பதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. நெட்டில் 3 சதவீதம் என்று எழுதுவார்கள், நம்மூர் மெடிக்கலில் தரும் பாட்டிலில் பெரும்பாலும் 6 சதவீதம் என்றிருக்கும். லேபிளைப் பார்த்து, சரிபாதி ஆர்ஓ தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஃபில்டரை நிறுத்திவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து பாசியை ஒட்டி மெதுவாக விட்டால் அந்த இடத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். கால் மணி நேரம் கழித்து ஃபில்டரைப் போடலாம். கலந்ததில் 10 லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லிக்கு மேல் ஒரே நாளில் நான் விடுவதில்லை. இரண்டு மூன்று நாளில் கறுப்பு ரோஸாக மாறும். அது செம்பாசி இனம், பச்சையம் போனதும் சிவப்பு நிறமி வெளியே தெரியும். ரோஸ் ஆனால் செத்துவிட்டது என்று அர்த்தம், மீதியை இறால் பார்த்துக்கொள்ளும்.

செல்லூரிலிருந்து:

அண்ணே, தண்ணீரை விட்டுவிட்டீர்களே. எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான், வாளியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும். வெயில் காலத்தில் தொட்டி மட்டம் மளமளவென்று இறங்குகிறது, ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதன் மேல் திரும்பவும் போர் தண்ணீரையே ஊற்றினால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) ஏறிக்கொண்டே போகும், செடி சுணங்கும், சுணங்கிய இலையில்தான் பாசி முதலில் உட்காரும். நான் குறைந்த மட்டத்தை நிரப்ப மட்டும் கேன் தண்ணீர், வாராவாரம் மாற்றுவதற்கு போர் தண்ணீர் என்று பிரித்துக்கொண்டேன். ஆர்ஓ மெஷினில் கழிவாக வரும் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று தொட்டியில் ஊற்றாதீர்கள், உப்பு மொத்தமும் அதில்தான் இருக்கிறது.

ஒத்தக்கடையிலிருந்து:

பாசி தின்னும் மீன் கேட்டால் கடையில் கைக்கு வந்ததைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு வந்தது சைனீஸ் ஆல்கே ஈட்டர். குட்டியாக இருந்தவரை ஒழுங்காகக் கண்ணாடியை மேய்ந்தது, வளர்ந்ததும் ஏஞ்சல் மீன் உடம்பில் ஒட்டிக்கொண்டு வழுவழுப்பைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டது. பிளாக் பியர்டைத் தின்பது சயாமீஸ் ஆல்கே ஈட்டர், அதற்குப் பக்கவாட்டுக் கறுப்புக் கோடு வாலில் நிற்காமல் துடுப்புக்குள்ளும் ஓடும். கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். அமானோ இறால் சென்னை கொளத்தூரிலிருந்து வரவழைத்தேன். விலை கூடத்தான், அதன் குஞ்சு வளர உப்பு கலந்த தண்ணீர் வேண்டும் என்பதால் நம் தொட்டியில் பெருகாது. ஆனாலும் நூல்பாசியை அது இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் பிய்த்துத் தின்பதைப் பார்த்தால் கொடுத்த காசு மறந்துபோகும்.

திருநகரிலிருந்து:

தம்பி சொன்ன கேன் தண்ணீர் விஷயம் சரிதான், நானும் மாறப்போகிறேன். இன்னொன்று, வேலம்பாசி இரண்டு கொத்து போட்டு வையுங்கள், பெயர்தான் பாசி, அது செடி. மளமளவென்று வளர்ந்து சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும், பாசிக்கு மிஞ்சாது. பெராக்சைடு விடுகிற அன்றைக்கு மட்டும் அதையும் ஜாவா மாஸ் செடியையும் எடுத்து வாளியில் போட்டுவிடுங்கள், மெல்லிய இலை தாங்காது.