'முள்ளும் மலரும்' வள்ளி: ஷோபா நடித்த வேறு படங்கள்?

கேள்வி:
போன வாரம்தான் முதல்முறையாக 'முள்ளும் மலரும்' பார்த்தேன். ரஜினிக்காக உட்கார்ந்தேன், படம் முடிந்தபோது மனதில் நின்றது வள்ளிதான். ஷோபா என்று பெயரைத் தேடிப் பிடித்தால், எங்கே பார்த்தாலும் அவர் இறந்த கதைதான் வருகிறது. அவர் நடிப்பைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். அடுத்து எதைப் பார்க்கலாம்?

பதில் 1:
துரை இயக்கிய 'பசி', 1979. அதற்குத்தான் சிறந்த நடிகைக்கான தேசிய விருது. அப்புறம் பாலுமகேந்திராவின் 'மூடுபனி'. அது 1980 நவம்பரில் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

பதில் 2:
தம்பி, இப்படி ஒரு கேள்வியைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருக்கிறது. 1978இல் அந்தப் படம் வந்தபோது எனக்கும் ஷோபாவுக்கும் ஒரே வயது, 15. என் தங்கையோடுதான் போனேன்.

மற்றவர் பேசும்போது ஷோபாவின் முகத்தைக் கவனியுங்கள். தன் வசனம் எப்போது வரும் என்று காத்திருக்க மாட்டார், நிஜமாகவே காதுகொடுத்துக் கேட்பார். கடைசியில் மாப்பிள்ளையோடு போகிறவள் அண்ணனிடம் ஓடி வருவாள் இல்லையா? பக்கத்தில் என் தங்கை தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை, இருட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

'பசி'யில் சென்னைக் குப்பத்தில் காகிதம் பொறுக்கும் குப்பம்மா. வள்ளியின் நடை வேறு, குப்பம்மாவின் நடை வேறு. 18 வயதுகூட ஆகாத பெண் அதை எங்கே கற்றாள் என்று இன்றும் வியக்கிறேன். நாலு வயதில், சந்திரபாபு இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்திலேயே கேமரா முன் நின்றவர்தான், ஆனால் அந்தப் பழக்கம் மட்டும் போதாது.

1980 மே 1 அன்று போய்விட்டார், 17 வயதில். செய்தி வந்த அன்று தங்கை சாப்பிடவே இல்லை. 'முள்ளும் மலரும்' படத்தில் மங்காவாக நடித்த ஃபடாபட் ஜெயலட்சுமியும் அதே ஆண்டில் போனார். அதற்கு மேல் அந்த மரணத்தைத் தோண்டிப் பேச எனக்கு மனம் வராது.

பதில் 3:
மலையாளத்தில் 'ஷாலினி என்டெ கூட்டுக்காரி'யையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. நேற்று இரவு 'பசி' பார்த்தேன். இவர்தான் வள்ளி என்று பிடிபடவே கொஞ்ச நேரம் ஆனது. அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இரண்டு பேருமாக மறுபடி முதலிலிருந்து பார்த்தோம்.