4294967297: 397 வரை வகுத்துவிட்டு ஓய்ந்தேன்

பழைய பேரேடு:
4294967297, அதாவது 2³²+1, பகா எண் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். அவருக்குப் பின் வந்த கணித மேதை ஆய்லர் 1732-இல் அதை 641 மீதியின்றி வகுக்கும் என்று காட்டிவிட்டார். இதை நான் படித்தது நேற்று. அதற்கு முந்தைய பதினொரு நாட்களும் 2, 3, 5 என்று ஒவ்வொரு பகா எண்ணாலும் கையால் வகுத்துக்கொண்டிருந்தேன். நாற்பது ஆண்டு கணக்கு எழுதிய கை. கால்குலேட்டரைத் தொடமாட்டேன் என்ற வீம்பு வேறு. 397 வரை 78 பகா எண்கள் ஆயின. நோட்டு தீர்ந்தது, பொறுமையும் தீர்ந்தது. வர்க்கமூலம் 65536-ஐத் தாண்டுகிறதே, அதுவரை யார் போவது? இன்னும் 38 எண்கள் போயிருந்தால் 641 சிக்கியிருக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.
ஆய்லரும் இப்படித்தான் வரிசையாக வகுத்தாரா?

மீதி ஒன்று:
இல்லை ஐயா. அவரே பின்னர் விளக்கியிருக்கிறார். ஒரு பகா எண் 2³²+1-ஐ வகுத்தால், அதனால் 2³²-ஐ வகுக்கும்போது மீதி −1. 2⁶⁴-ஐ வகுத்தால் மீதி 1. 2-இன் அடுக்குகளில் மீதி 1 முதன்முதலாக வருவது 64-ஆவது அடுக்கில்தான். ஆகவே அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் 64-இன் மடங்காக இருந்தாக வேண்டும். 2-ஐ (பகா எண் − 1) அடுக்குக்கு ஏற்றி அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 என்கிற ஃபெர்மாவின் சிறு தேற்றத்திலிருந்து வருவது இது! கையிலிருந்த கத்தியை ஃபெர்மாவே எடுக்கவில்லை.
அப்படிப்பட்ட பகா எண்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே முடிந்தது.

பழைய பேரேடு:
ஐந்தா! நான் 193-ஐயும் 257-ஐயும் மற்ற 76 எண்களோடு சேர்த்து வகுத்திருக்கிறேன்.

ஐந்தும் இரண்டும்:
பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் பின்னாளில் அந்த 64-ஐ 128 ஆக்கினார். அப்போது 257, 641 மட்டுமே மிஞ்சும். 257 என்பது 2⁸+1. அதனால் வகுத்தால் 2³²-க்கு மீதி 1, நம் எண்ணுக்கு மீதி 2. ஆக, முதல் வகுத்தலே 641.
அதையும் வகுக்காமலே பார்க்கலாம். 641 = 5×2⁷+1. எனவே 5×2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் 5⁴×2²⁸-க்கு மீதி 1. ஆனால் 641 = 5⁴+2⁴ என்பதால் 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். −2³²-க்கு மீதி 1 என்றால் 2³²+1-க்கு மீதி பூஜ்யம்.

பழைய பேரேடு:
அழகுதான், ஆனால் விடை தெரிந்தவனுக்கு வாய்க்கும் அழகு. எனக்கு மீதி ஒன்று சொன்ன வழிதான் பிடித்தது. தேடுகிறவனுக்கு அதுதான் உதவும்.
இன்று காலை மற்றக் காரணி 6700417-ஐ எடுத்தேன். அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதை வகுக்கும் பகா எண் 2³²+1-ஐயும் வகுக்கும், ஆகவே அதே விதிதான். 128-இன் மடங்கைவிட ஒன்று கூடிய பகா எண்கள் அதற்குள் ஐந்தே. 257-ஐ நீங்களே தள்ளிவிட்டீர்கள். 641, 769, 1153, 1409-ஆல் வகுத்தேன். மீதி 44, 120, 334, 622. பகா எண்தான். அரைப் பக்கம்கூட ஆகவில்லை.