ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாயியை எழுந்து நடக்க வைக்க உதவி தேவை

நாங்கள் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். அம்மாயிக்கு 76 வயது. ஆறு வாரத்துக்கு முன் குடலிறக்கத்தில் குடல் சிக்கி, இரவோடிரவாக அவசர ஆபரேஷன். கருகிய பகுதியை வெட்டி இணைத்தார்கள். பத்தாம் நாள் டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். காயம் ஆறிவிட்டது. காய்ச்சல் இல்லை, வயிறும் ஒழுங்காகப் போகிறது.

பிரச்சினை பலம்தான். முன்பு கோலூன்றிக் கோயில் வரை போனவர், இப்போது கட்டிலிலிருந்து தானாக எழ முடியவில்லை. எடை 46 கிலோவிலிருந்து 41. உண்மையில் போன வருடமே மெலிந்து, நடை தளர்ந்திருந்தார். வயசுதானே என்று விட்டது எங்கள் தப்பு.

படுத்தே கிடந்தால் தசை வேகமாகக் கரையும், நடக்க வையுங்கள், எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் கொடுங்கள் என்றார் கிளினிக் டாக்டர். அதாவது நாளுக்கு 50, 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான்! முட்டை, பருப்பு, நெத்தலி, பால்மா என்று மாற்றிப் பார்த்தோம். நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. பிளேன்டீயும் ரொட்டியும் போதுமாம்.

நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி தினமும் மூன்று தடவை செய்கிறோம், ஆனால் பயந்து என் கையை விடமாட்டார். வெளியே நடத்தலாமென்றால் வாசலிலிருந்து ரோட்டுக்கு 32 படி, அதுவும் இந்த மழையில். பிசியோதெரபிக்கு வேனில் இரண்டு தடவை கொண்டுபோனோம். வளைவுகளில் வாந்தி எடுத்து, இனி வரமாட்டேன் என்கிறார்.

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் லயத்துக்கே வந்து வயதானவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் யாரையாவது தெரியுமா?