குட் ஃபெய்த் பார்கெய்னிங்: 'மெய்ப்பேரம்' சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

முதலாளியும் தொழிற்சங்கமும் ஊதியம் போன்றவற்றை உட்கார்ந்து பேசி முடிப்பது கூட்டுப் பேரம்; அதை ஒப்புக்குச் செய்யாமல் உண்மையாகச் செய்வதுதான் 'குட் ஃபெய்த் பார்கெய்னிங்'. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நேற்றைய மடலுக்குப் பிறகு முடியவில்லை.

> 'நல்லெண்ணப் பேரம்' என்றே வைத்துவிடலாம். குட் ஃபெய்த் என்றால் நல்லெண்ணம்தானே.

அங்கேதான் இடிக்கிறது ஐயா. இலங்கைச் சிறையிலிருந்து நம் மீனவர்களை விட்டால் 'நல்லெண்ண அடிப்படையில் விடுதலை' என்று நாளிதழில் வரும். விடாமலும் இருந்திருக்கலாம், மனம் வைத்து விட்டார்கள் என்று பொருள். கூட்டுப் பேரத்தில் அப்படித் தயவுக்கு இடமில்லை. 2025 நவம்பர் வரை நம் நாட்டில் நடப்பில் இருந்த தொழில் தகராறுகள் சட்டத்தில் 1982 திருத்தம் சேர்த்த ஐந்தாம் அட்டவணையைப் பாருங்கள்: அங்கீகரித்த சங்கத்தோடு 'குட் ஃபெய்த்'தில் கூட்டுப் பேரம் பேச முதலாளி மறுத்தாலும் தவறு, சங்கம் மறுத்தாலும் தவறு என்றது அது. அதில் தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதலாளிக்குச் சங்கத்தின் பெயரைக் கேட்டாலே எரிச்சல் வரலாம், வரட்டும். உட்கார்ந்து ஒழுங்காகப் பேசினாரா என்பதுதான் கேள்வி.

> பேரம் என்ற சொல்லே வேண்டாம். குதிரை பேரம் நினைவுக்கு வருகிறது. 'பேச்சுவார்த்தை' கண்ணியமாக இருக்கிறது.

கண்ணியம் இருக்கிறது அம்மா, பொருள்தான் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு சங்கத்துக்காகக் குறிப்பெழுதத் தொழிலாளர் அலுவலர் அறைக்குப் போய்வந்தேன். நிர்வாகத் தரப்பில் ஒரு இளைஞரை அனுப்புவார்கள். கையில் நீல நிற ஃபைல். ஊதிய உயர்வு? "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் சார்." கேன்டீன்? அதே பதில். சீருடைத் தையல்கூலிக்கும் மேலிடம்தான். ஏழு அமர்வு முடிந்தும் அந்த ஃபைலை அவர் திறந்து நான் பார்க்கவில்லை. ஏழாவது நாள் குறிப்பை ஆறாவது நாளைப் பார்த்தே எழுதியிருக்கலாம். பாவம், அவர்மேல் கோபமும் வரவில்லை. அதற்கும் பெயர் பேச்சுவார்த்தைதான். பேரம் என்றால் ஒருவர் ஒரு விலை சொல்வார், மற்றவர் எதிர்விலை சொல்வார். அங்கே விலையே யாரும் சொல்லவில்லை.

இதைத்தான் அமெரிக்கச் சட்டக்காரர்கள் 'சர்ஃபேஸ் பார்கெய்னிங்' என்கிறார்கள். 'மேற்பரப்புப் பேரம்' என்று ஒரு மடலில் வந்தது. தயவுசெய்து வேண்டாம், நிலத்தடி நீர் போலிருக்கிறது. 'ஒப்புக்குப் பேரம்' போதும். ஒப்புக்குச் சப்பாணியாக விளையாடிய யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

பேரம் என்ற சொல்லை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேரம் பேசுவது வேறு, பேரம் படிவது வேறு என்பது சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவின் 1935 சட்டம் முதலாளியைப் பேச வைத்தது. 1947 திருத்தம் சங்கத்துக்கும் அதே கடமையைக் கொடுத்தது. கூடவே, எதிராளி சொல்வதை ஒப்புக்கொள்ளவோ விட்டுக்கொடுக்கவோ யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றும் எழுதிவைத்தது. பேசித்தான் ஆக வேண்டும், படிந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. இத்தனை நுட்பம் தமிழில் இரண்டு வினைச்சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம் சந்தையில் கேட்கும் இன்னொரு சொல், 'கட்டுப்படியாகாது'. 1956இல் ட்ரூயிட் என்ற இரும்புக் கட்டுமான நிறுவனத்தின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சங்கம் மணிக்குப் பத்து சென்ட் உயர்வு கேட்டது, நிறுவனம் இரண்டரை சென்ட்டுக்கு மேல் கட்டுப்படியாகாது என்றது. சரி, கணக்கைக் காட்டுங்கள் என்றது சங்கம். காட்ட மறுத்தது தவறு என்று தீர்ப்பு. கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டுக் கணக்கை மூடிவைத்தால் அது மெய்யான பேரமில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமோ 1960இல் நம்மூர் ஜவுளிக்கடை போலக் 'கறார் விலை' போர்டு மாட்டிவிட்டது. முதலில் சொன்னதே கடைசி. கூடவே, சங்கத்தைத் தாண்டி ஊழியர்களிடமே பிரசாரம். இரண்டும் சேர்ந்த அந்தப் போக்கு செல்லாது என்று 1964இல் அமெரிக்கத் தொழிலாளர் உறவு வாரியமும், 1969இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லின.

ஆகவே என் முன்மொழிவு: மெய்ப்பேரம். மெய் என்றால் உண்மை, உடம்பும்கூட. ஆள் மட்டும் வந்து உண்மை வராத கூட்டத்தைத்தான் மேலே சொன்னேன். 'மெய்நிகர்' என்பதோடு குழம்பும், இணையவழிப் பேரம் என்று நினைப்பார்கள் என்று யாராவது சொல்வீர்கள். கொஞ்சம் குழம்பலாம். 'நேர்மைப் பேரம்' அடுத்த தேர்வு. ஆனால் அது ஆளின் குணத்தைப் பேசுகிறதே தவிரச் செயலைப் பேசவில்லை.

இன்னொரு சொல். எல்லாத் தொழிலாளருக்காகவும் சங்கம் பாரபட்சமில்லாமல் பேச வேண்டும் என்ற 'ஃபேர் ரெப்ரசென்டேஷன்' கடமைக்கு 'நியாயமான பிரதிநிதித்துவம்' என்று வந்த சொல் தொகுதிப் பங்கீடு போல ஒலிக்கிறது. அந்தக் கடமை பிறந்த 1944 அமெரிக்க வழக்கில், ரயில் எஞ்சினில் கரி போடும் நெருப்பாளர்களின் சங்கம் கறுப்பினத் தொழிலாளரை உறுப்பினராகச் சேர்க்காமல், அவர்களுக்கும் சேர்த்துத் தானே பேரம் பேசி, அவர்கள் வேலையையே குறைத்தது. அதற்கு நம்மிடம் உள்ள சொல் ஓரவஞ்சனை. 'ஓரஞ்சாராப் பிரதிநிதித்துவம்' எனலாமா? எனக்கே முழுத் திருப்தியில்லை, யாராவது திருத்துங்கள்.

நேற்று ஒரு சங்கத் தோழரிடம் இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். "மெய்ப்பேரம்... பழகணும். ஒப்புக்குப் பேரம் எங்களுக்கு நல்லாத் தெரியும்" என்றார். பட்டியலில் ஏற்றுவதானால் மெய்ப்பேரம் என்று ஒரே சொல்லாக, ப் போட்டு ஏற்றுங்கள்.

அன்புடன்