ஸ்போர்ட்ஸ் ஏலத்துல ரெஜிஸ்டர் பண்ணி மூணு நாளா "அப்ரூவல் பெண்டிங்"னே நிக்குது, எதை வச்சு ஆளை முடிவு பண்றாங்க?

ஜெர்சிக்காரன்

வணக்கம் மக்களே. நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கேன். பையனுக்கு பதினோரு வயசு, லிட்டில் லீக்ல (சின்னப் பசங்க பேஸ்பால்) ஆடுறான். போன வருஷம் ஸ்கூல்ல ஹாங்க் ஆரன் பத்தி ப்ராஜெக்ட் பண்ணான், 1974 ஏப்ரல் 8 அன்னிக்கு அட்லாண்டாவுல 715-வது ஹோம் ரன் அடிச்சு பேப் ரூத்தோட 714-ஐ தாண்டுனாரே அந்த கதை, அதுக்கு முன்னாடி கறுப்பர்ங்கிற ஒரே காரணத்துக்காக அவருக்கு வந்த மிரட்டல் லெட்டர் பத்தியெல்லாம் படிச்சுட்டு சாப்பிட உக்காந்த இடத்துல எங்களுக்கு ஒப்பிச்சான், சாதம் ஆறிப்போச்சு, யாரும் எழுந்திரிக்கல. அன்னைக்கே நினைச்சேன் ஆரன் கையெழுத்து போட்ட பந்து ஒண்ணு இவனுக்கு வாங்கித் தரணும்னு.

இப்ப ஒரு ஏல நிறுவனத்தோட கேட்டலாக்ல ஒண்ணு வந்திருக்கு, ஆரம்ப விலை 200 டாலர். ரெஜிஸ்டர் பண்ணேன். பேரு, அட்ரஸ், போன், பிறந்த தேதி, கிரெடிட் கார்டு எல்லாம் குடுத்தாச்சு. கடைசில "இதுக்கு முன்னாடி எந்த ஏல நிறுவனத்துல வாங்கிருக்கீங்க, ரெண்டு ரெஃபரன்ஸ் குடுங்க"ன்னு கேக்குது. நான் எங்கயும் வாங்குனதே இல்ல. அதை காலியா விட்டு அனுப்பிட்டேன், மூணு நாளா பெண்டிங். சனிக்கிழமை ராத்திரி ஏலம் முடியுது. பணம் கட்ட நான் ரெடி, அப்புறம் எதுக்கு இவ்வளவு விசாரணை? என்னதான் பார்க்குறாங்க உள்ள? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பழையகார்டு

நண்பா முதல்ல ஒண்ணு, வெயிட் பண்ணாதீங்க, போன் பண்ணுங்க. இந்த கேட்டலாக் ஏல நிறுவனம் பல எடத்துல பத்து பேரு கூட கிடையாது, போனை எடுக்குறது ஒரு மனுஷன்தான். "நான் புதுசு, ஏலத்துல வாங்குன பழக்கம் இல்ல, இந்த லாட் (ஏலத்துக்கு வர்ற ஒவ்வொரு பொருளும் ஒரு லாட்) நம்பர் மட்டும்தான் வேணும், பையனுக்கு"ன்னு நேரா சொல்லுங்க. ஈபேல வாங்குன ஹிஸ்டரி இருந்தா அந்த ஐடியை குடுங்க, ஃபீட்பேக்கை பார்ப்பாங்க. பேஸ்பால் கார்டு (வீரர் படம் போட்ட, சேர்த்து வைக்கிற அட்டை) விக்கிற கடை, கார்டு ஷோ டீலர் யாராவது உங்களை தெரிஞ்சவங்க இருந்தா அவங்க பேரும் ரெஃபரன்ஸ்தான். நான் பதினாலு வருஷமா வாங்குறேன், எனக்கு முதல் ரெஃபரன்ஸ் குடுத்தவர் ஷோல நான் அஞ்சு டாலர் பத்து டாலருக்கு பழைய டாப்ஸ் கார்டு பொறுக்குவேன்ல, அந்த மேஜைக்கார பெரியவர்.

அப்ரூவ் ஆனா அதோட முடியல. லிமிட்னு ஒண்ணு வைப்பாங்க, புது ஆளுக்கு ஆயிரம் ரெண்டாயிரம்னு வைப்பாங்க. இதுல ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது, அந்த லிமிட் ஒரு லாட்டுக்கு இல்ல, நீங்க அந்த நேரத்துல முன்னணில நிக்கிற எல்லா லாட்டையும் கூட்டி. மூணு பொருள்ல முன்னாடி இருந்தீங்கன்னா நாலாவதுக்கு பிட் (ஏலத்துல நீங்க கேக்குற விலை) போகாது, ராத்திரி பதினோரு மணிக்கு கூப்பிட்டு ஏத்துங்கன்னா யாரு எடுப்பா. அதனால முன்னாடியே கேட்டு ஏத்தி வச்சுக்கணும்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம், விதிமுறையை படிங்க. நிறைய இடத்துல கடைசி நாள் ராத்திரி பத்து மணிக்கு எக்ஸ்டெண்டட் பிட்டிங், அதாவது கூடுதல் நேர ஏலம் ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி அந்த லாட்ல ஒரு தடவையாவது பிட் போட்டவங்கதான் அதுக்கப்புறம் போட முடியும். பத்து மணிக்கு மேல வந்து எட்டிப் பார்த்தீங்கன்னா வேடிக்கைதான். நான் ஒரு வில்லி மேஸ் கார்டை இப்படித்தான் விட்டேன், பத்து மணி மூணு நிமிஷம், லாகின்ல இருந்தேன், பட்டன் வரல.

கணக்கும் சொல்லிடுறேன், பையர்ஸ் பிரீமியம், அதாவது ஜெயிச்ச விலைக்கு மேல ஏல நிறுவனம் வாங்குற கமிஷன், 20 சதவீதம்னு வச்சுக்குங்க, சில இடத்துல அதுக்கும் மேல. 1,000-க்கு ஜெயிச்சா 1,200, அதுக்கு மேல நியூ ஜெர்சி டாக்ஸ் 6.625, ஆக 1,279.50, அப்புறம் ஷிப்பிங் இன்ஷூரன்ஸ். மனசுல வச்சிருக்க தொகையில இருந்து பின்னாடி கணக்கு போட்டு வாங்க.

---

ரெஜிஸ்டர்டெஸ்க்

நான் ரெண்டு வருஷம் இந்த மாதிரி ஒரு ஏல நிறுவனத்துல ரெஜிஸ்ட்ரேஷன் பக்கம் வேலை பார்த்தேன், பேர் வேண்டாம். தம்பி கேட்ட "பணம் கட்ட ரெடி, அப்புறம் எதுக்கு விசாரணை"க்கு பதில் சொல்லணும்னுதான் வந்தேன்.

நாங்க பார்க்குறது இதுதான். கிரெடிட் கார்டு அட்ரஸும் நீங்க குடுத்த அட்ரஸும் ஒண்ணா, போன் நம்பர் உங்களுதா, ஷிப்பிங் அட்ரஸ் வேற ஊரா, மெயில் ஐடி நேத்து திறந்ததா, பழைய பிளாக் லிஸ்ட்ல இருக்க யாரோடயாவது அட்ரஸ் ஒத்துப்போகுதா. ரெஃபரன்ஸ் குடுத்தா அந்த நிறுவனத்துக்கு போன் போட்டு ரெண்டே கேள்வி, பணம் கட்டுறாரா, நேரத்துக்கு கட்டுறாரா. அவ்வளவுதான். நீங்க எவ்வளவு சம்பாதிக்கிறீங்கன்னு 200 டாலர் பந்துக்கு யாரும் கேக்கப்போறதில்ல. பெரிய பொருள்னா கதை வேற, 2024 ஆகஸ்ட்ல டல்லாஸ் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்துல பேப் ரூத்தோட 1932 வேர்ல்ட் சீரிஸ் ஜெர்சி 24.12 மில்லியன் டாலருக்கு போச்சே, அந்த மாதிரி லாட்டுக்கு பேங்க் லெட்டர், டெபாசிட்னு கேக்குறது இந்த தொழில்ல வழக்கம்.

ஆனா ஏன் இவ்வளவு கறார்? ஒரு சனிக்கிழமை நடந்ததை சொல்றேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருத்தர் அக்கவுண்ட் திறந்தார், கூட்டம், அவசரம், யாரோ அப்ரூவ் பண்ணிட்டாங்க. ஒன்பதரைக்குள்ள அறுபது லாட்ல முன்னணி. எங்க மேனேஜருக்கு சந்தேகம் வந்து அந்த நம்பருக்கு போன் போட்டா அப்படி ஒரு நம்பரே இல்ல. எல்லா பிட்டையும் ரத்து பண்ணோம், அது கம்ப்யூட்டர்ல ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அவர் விலையை ஏத்தி விட்டதால "சரி இது நமக்கு இல்ல"ன்னு விலகிப்போன மனுஷங்க இருக்காங்கல்ல, அவங்க அந்த காசை வேற லாட்ல போட்டுட்டாங்க, சிலர் லேப்டாப்பை மூடிட்டு தூங்கிட்டாங்க. அவங்களை எப்படி திரும்ப கூப்பிடுறது? ஒரு வயசானவர் திங்கக்கிழமை போன் பண்ணார், அவங்க அப்பா எபெட்ஸ் ஃபீல்டு பேஸ்பால் மைதானத்துக்கு கூட்டிட்டு போன அதே மேட்சோட டிக்கெட் ஸ்டப்புக்காக காத்துக்கிட்டு இருந்தாராம், விலை ஏறுனதை பார்த்து விட்டுட்டாராம், கடைசில அவர் குடுக்க ரெடியா இருந்த தொகையை விட கம்மிக்கு வேற ஒருத்தருக்கு போயிருக்கு. சத்தம் போடல, "நான் இன்னும் ஒரு மணி நேரம் முழிச்சிருந்திருக்கணும்"னு மட்டும் சொன்னார். அதுக்கப்புறம் கடைசி 24 மணி நேரத்துல வர்ற ரெஜிஸ்ட்ரேஷனை போன்ல பேசாம நான் அப்ரூவ் பண்ணதே இல்ல.

தம்பி, நாளைக்கு காலைலயே கூப்பிடுங்க. வெள்ளி சாயங்காலம் வரை விட்டீங்கன்னா க்யூ எகிறிடும்.

---

ஃப்ரிஸ்கோ2வதுமாடி

மேல ரெஜிஸ்டர்டெஸ்க் அக்கா அட்ரஸ் ஒத்துப்போறதை பத்தி சொன்னாங்க, எனக்கு அதுதான் நடந்துச்சு. ஒரு நிறுவனம் என்னை ரிஜெக்ட் பண்ணி ஒரு வரி மெயில் அனுப்புச்சு, காரணம் இல்ல. கிரெடிட் ஸ்கோர் நல்லா இருக்கு, வேற எந்த பிரச்சனையும் இல்ல, ரொம்ப வலிச்சுது. நாலு தடவை மெயில் போட்டதுக்கப்புறம் ஒருத்தர் சொன்னார், என் அபார்ட்மெண்ட் நம்பர்ல முன்னாடி இருந்த ஒருத்தர் மூணு லாட் ஜெயிச்சுட்டு பணம் கட்டாம போயிட்டாராம். லீஸ் காப்பி அனுப்பி நான் எந்த தேதிக்கு குடி வந்தேன்னு காட்டுனேன், ரெண்டு நாள்ல அப்ரூவ் ஆச்சு. கண்டிப்பா செக் பண்ணட்டும், தப்பில்ல, ஆனா மறுக்கும்போது காரணம் சொன்னா நாங்களும் சரி பண்ணிக்குவோம்ல. ரூம் ஷேர் பண்ணி இருக்க பசங்க இதை கவனத்துல வச்சுக்குங்க.

---

பழையகார்டு

அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஆனா ஒரு பக்கம் விட்டுப்போச்சு, அது எனக்கு ரொம்ப முக்கியம். நம்மள அவங்க செக் பண்ணட்டும், அவங்களை யாரு செக் பண்றது?

சிகாகோ பக்கம் மாஸ்ட்ரோ ஆக்‌ஷன்ஸ்னு ஒரு நிறுவனம், ஒரு காலத்துல இந்த தொழில்லயே பெரிய பேரு. அங்க விலையை ஏத்துனது வெளில இருந்து வந்த போலி ஆள் இல்ல, உள்ள இருந்தவங்களே ஷில் பிட் போட்டாங்க, அதாவது வாங்குற எண்ணமே இல்லாம சும்மா கேட்டு ஏத்தி விடுறது. 2012-ல கேஸ், 2013-ல அதை நடத்துன பில் மாஸ்ட்ரோ குற்றத்தை ஒத்துக்கிட்டார், 2015-ல 20 மாசம் ஜெயில். பேஸ்பால் உலகத்துலயே பேர்போன கார்டு, ஹோனஸ் வாக்னர்ங்கிற பழைய வீரரோட டி206 கார்டு, 1991-ல ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் பார்ட்னரும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்குனது, அதோட ஓரத்தை, பார்க்க நல்ல நிலைமையில தெரியணும்னு, தானே வெட்டுனதையும் அந்த கேஸ்லதான் ஒத்துக்கிட்டார். அங்க ஒழுங்கா ரெஜிஸ்டர் பண்ணி, ரெஃபரன்ஸ் குடுத்து, நேரத்துக்கு செக் அனுப்புன நேர்மையான கலெக்டருங்களை நினைச்சுப் பாருங்க, அவங்க தங்களுக்கு எதிரா ஒரு மனுஷன் கேக்குறான்னு நம்பித்தானே ஏத்திக் கேட்டாங்க.

அதனால ரூல்ஸ் பக்கத்துல இதை தேடுங்க: நிறுவனமோ ஊழியரோ பிட் பண்ணலாமா, பொருளை குடுத்தவரே கேக்கலாமா, வெளில தெரியாத ரிசர்வ் (இதுக்கு கீழ விக்க மாட்டோம்ங்கிற விலை) உண்டா. கிட்டத்தட்ட எல்லா மாநிலமும் ஏத்துக்கிட்ட யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட்ல 2-328னு ஒரு பிரிவு இருக்கு, விக்கிறவர் தரப்புல பிட் போடுற உரிமையை முன்கூட்டியே அறிவிக்காம, ஏலக்காரர் தெரிஞ்சே அப்படி ஒரு பிட்டை எடுத்துக்கிட்டா, வாங்குனவர் அந்த விற்பனையே வேண்டாம்னு சொல்லலாம், இல்ல கடைசியா வந்த நேர்மையான பிட் விலைக்கே எடுத்துக்கலாம். அதனாலதான் பல நிறுவனம் "நாங்க பிட் பண்ணலாம்"னு ரூல்ஸ்ல ஒரு வரி சேத்துடுறாங்க. சட்டப்படி தப்பில்லதான், ஆனா அந்த வரி இருக்க எடத்துல நான் மேக்ஸிமம் பிட் (இந்த விலை வரை எனக்காக தானா ஏத்திக் கேளுன்னு முன்னாடியே சொல்லி வைக்கிறது) போட்டு வைக்கவே மாட்டேன், பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு படியா கையாலதான் போடுவேன்.

---

மாம்பலம்

சென்னைல இருந்து நான் கேட்டா அப்ரூவ் பண்ணுவாங்களா? அங்க யாருமே எனக்கு ரெஃபரன்ஸ் இல்ல.

---

ரெஜிஸ்டர்டெஸ்க்

பண்ணுவாங்க, ஆனா பாஸ்போர்ட் காப்பி கேக்கலாம், வெளிநாட்டு ஆளுன்னா பணம் பேங்க் ஒயர் டிரான்ஸ்ஃபர்லதான்னு சொல்ற எடமும் உண்டு. உங்க பக்கம் ரிசர்வ் பேங்க்கோட எல்ஆர்எஸ்ல (தனி ஆளுங்க வெளிநாட்டுக்கு பணம் அனுப்புற திட்டம்) ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரைதான் அனுப்பலாம், பேங்க்ல ஏ2 ஃபார்ம், பான் கார்டு, அப்புறம் இந்த மாதிரி செலவுக்கு வருஷத்துல 10 லட்சத்துக்கு மேல போற தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (பேங்க்கே முன்கூட்டி பிடிக்கிற வரி) பிடிப்பாங்க. கஸ்டம்ஸ் தனி. இதையெல்லாம் ஜெயிச்சதுக்கு அப்புறம் யோசிச்சா பணம் லேட் ஆகும், லேட் ஆனா அடுத்த தடவை உங்க பேருக்கு நேரா அதுதான் நிக்கும். முதல்ல பேங்க்ல பேசிட்டு அப்புறம் ரெஜிஸ்டர் பண்ணுங்க.

---

ஜெர்சிக்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னிக்கு காலைல ஒன்பது மணிக்கு கூப்பிட்டேன், ஒரு அம்மா எடுத்தாங்க. ஈபே ஐடி குடுத்தேன், அதுல எட்டு வருஷ ஹிஸ்டரி இருக்கு, எங்க ஊரு கார்டு கடைக்காரர் நம்பரும் குடுத்தேன். மத்தியானம் அவரே எனக்கு மெசேஜ் பண்றார், "உங்களைப் பத்தி கேட்டாங்க, நல்ல ஆளுன்னு சொல்லிட்டேன்"னு. மூணு மணிக்கு அப்ரூவ்டு, லிமிட் 1,000. அக்கா சொன்ன அந்த டிக்கெட் ஸ்டப் பெரியவர் கதையை படிச்சதுக்கப்புறம் மூணு நாள் காத்திருந்த கோவம் போயிடுச்சு.

ரூல்ஸையும் படிச்சேன். ஊழியர் பிட் பண்ணக்கூடாதுன்னு தெளிவா போட்டிருக்கு, பத்து மணி விதியும் இருக்கு. அதனால இப்பவே ஆரம்ப விலைல ஒரு பிட் போட்டு வச்சுட்டேன், பையன்தான் பட்டனை அமுக்குனான். எங்க உச்சவரம்பு பிரீமியம் டாக்ஸ் எல்லாம் சேத்து 600, அதுக்கு பிட் 460 வரை போகலாம், ஷிப்பிங்குக்கு கொஞ்சம் மிச்சம். பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிருக்கான். சனிக்கிழமை ராத்திரி முழிச்சிருக்க அவங்க அம்மாகிட்ட பெர்மிஷன் கேட்டுக்கிட்டு இருக்கான், ஞாயிற்றுக்கிழமை வந்து என்ன ஆச்சுன்னு சொல்றேன்.