புதுப்பிப்பு: ஜப்பானியத் தட்டச்சில் சொல் மாறி வருவது – தீர்ந்தது

ஆங்கில வழியில் ஜப்பானியம் படிக்கும் நான், பாட்டி என்று தட்டினால் அத்தை வருகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. விசைப்பலகை அமைப்பில் கோளாறே இல்லை. "ரோமன் எழுத்தைப் பார்க்காதே, ஹிராகனாவில் (ஜப்பானிய ஒலியெழுத்து முறையில்) எழுதுவதையே தட்டு" என்ற யோசனைதான் பலித்தது.

ஒபஸன் அத்தை, ஒபாஸன் பாட்டி. ஆங்கிலக் காதுக்கு இரண்டும் ஒன்று. குறில் நெடில் அறிந்த நமக்கு உடனே பிடிபடும். பாட்டிக்கு ஆங்கில விசைகளில் 'பி'க்குப் பின் 'ஏ' இரண்டு முறை.

ஓகார நெடில்தான் சிக்கல். பெரும்பாலும் 'ஓ', பிறகு 'யு': டோக்கியோவுக்கு டி-ஓ-யு-கே-ஒய்-ஓ-யு. ஆனால் ஒசாகாவுக்குத் தொடக்கத்தில் 'ஓ' இரண்டு முறை. இப்படிப்பட்ட சொற்கள் கொஞ்சம்தான், மனப்பாடம் செய்துவிடலாம்.

எதிர்பாராதது 'என்' விசை. 'வணக்கம்' எனப் பொருள்படும் கொன்னிச்சிவாவுக்கு அதை மூன்று முறை தட்ட வேண்டும்: முதல் இரண்டும் தனி 'ன்', மூன்றாவது 'னி'க்கு. இரண்டோடு நிறுத்தினால் 'கொன்இச்சி' ஆகிவிடும். கடைசி 'வா'வுக்கு ஹெச்-ஏ. அது வேற்றுமை உருபு போன்ற இடைச்சொல், எழுத்து 'ஹ', ஒலி 'வ'.